மோலிப்தோஸ் என்பவன்

மாசி 9

கொண்டுவந்த ஓலைக்கட்டு கப்பலில் உப்புத்தண்ணீர் பட்டுக் கூழாகிவிட்டது. இந்த ஊரில் எல்லோரும் உடைந்த பானை ஓட்டில் மை தொட்டு எழுதுகிறார்கள். பானை உடைவதற்கு இங்கே பஞ்சமே இல்லை. ஆகவே இன்று முதல் நானும் ஓட்டில் எழுதுகிறேன். ஓடு பெரிதாகக் கிடைத்தால் நிறைய எழுதுவேன். சின்னதாகக் கிடைத்தால் வாயை மூடிக்கொள்வேன்.

ஊர் பெரெனிகே. எகிப்து நாட்டின் தென்கோடித் துறை. முன்னால் கடல், பின்னால் மணல், நடுவில் ஒட்டக மூத்திர வாடை. முசிறியிலிருந்து மிளகும் முத்தும் ஏற்றிவந்த எங்கள் கப்பல் இங்கே நிற்கிறது. திரும்பிப் போகிற காற்று ஆடியில்தான் வரும். அதுவரை நானும் என் தங்கை வேண்மாளின் புருஷன் பிட்டனும் இங்கேதான் கிடக்க வேண்டும்.

பிட்டன் முத்துத் தரம் பார்ப்பவன். இரண்டு விரலுக்கு நடுவே ஒரு முத்தை உருட்டினாலே அதன் பிறப்பு வளர்ப்பெல்லாம் சொல்லிவிடுவான். என் வேலை யவனர் பேச்சைத் தமிழாக்குவது, தமிழை யவனமாக்குவது. வெளியனுக்குத் தெரியாத யவனச் சொல் ஒன்று இருந்தால் அது இன்னும் பிறக்காத சொல் என்று முசிறியில் சொல்வார்கள். பெரும்பாலும் அதைச் சொன்னவன் நான்தான். மிளகு, முத்து, தந்தம், துணி எல்லாம் என் பங்கு. உலோகச் சரக்கு வந்தால் மட்டும் நள்ளி என்று இன்னொருவன் பேசுவான். இரும்பும் செம்பும் பேசிப் பேசி அவன் குரலே தகரம் மாதிரி ஆகிவிட்டது.

கப்பல் ஏறும்போது வேண்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அண்ணே, கூட்டிட்டுப் போற மாதிரியே கூட்டிட்டு வந்துடணும்" என்றாள். தலையாட்டியிருக்கிறேன்.

மாசி 11

வீடு கிடைத்தது. சுவர் பவளப்பாறை, கூரை பனைமட்டை. வீட்டோடு ஒரு அடிமைப் பெண்ணும் உண்டு. அம்மியும் குழவியும் மாதிரி அவளையும் வாடகையில் சேர்த்திருக்கிறார்கள். பெயர் தெர்முத்தி. எகிப்துக்காரி, யவனம் பேசுகிறாள். வயது நாற்பது இருக்கும். நான் பேசும்போது என் வாயைப் பார்க்காமல் என் கையைப் பார்க்கிறாள். கையைப் பார்க்கிறவர்களை நான் நம்புவதில்லை.

மாசி 24

பிட்டனுக்கு இங்கத்துச் சாப்பாடு இறங்கவில்லை. தெர்முத்தி வைக்கிற பருப்புக் கஞ்சியைப் பார்த்தாலே முகம் சுளிக்கிறான். "மச்சான், ஒரு வாய் மிளகுச்சாறு கெடைச்சா உயிரு திரும்பிடும்" என்றான். மிளகு இருக்கிறது. ஊரிலிருந்து ஒரு உருண்டை புளியும் கொண்டுவந்திருக்கிறேன். ஆனால் மண்சட்டியில் வைத்தால் அது சாறா? வேண்மாள் படித்துப் படித்துச் சொல்லி அனுப்பினாள்: "சாறு வெச்சா ஈயத்துல வையி அண்ணே, அவருக்கு அந்த வாசந்தான் பிடிக்கும்." எங்கள் வீட்டு ஈயச்சட்டி யவனக் கப்பலில் வந்ததுதான். அப்படியானால் யவனர் ஊரில் அது கிடைக்காமலா போகும்?

மாசி 26

கிடைத்துவிட்டது! உரோமப் படையிலிருந்து ஓய்வுபெற்ற கிரிஸ்புஸ் என்ற கிழவன் சந்தையில் பழைய சாமான் விற்கிறான். அவன் பேசுவது யவனம் இல்லை, உரோமப் பேச்சு. அதிலும் எனக்கு நாலு வார்த்தை தெரியும். சாம்பல் நிறத்தில் கனமான ஒரு சட்டி. "ப்ளும்பும்?" என்று கேட்டேன். "ப்ளும்பும், ப்ளும்பும்" என்று சட்டியைத் தட்டிக் காட்டினான். ப்ளும்பும் என்றால் ஈயம். அவர்கள் வீட்டில் திராட்சைச் சாற்றை இதில்தான் காய்ச்சுவார்களாம், இனிப்பாக வருமாம். இரண்டு கை மிளகைக் கொடுத்து வாங்கிக்கொண்டேன். எங்கள் வீட்டுச் சட்டியைவிடக் கனம் அதிகம். உரோமர்கள் எதையும் கெட்டியாகத்தான் செய்வார்கள்.

மாசி 27

இன்று சாறு வைத்தேன். பிட்டன் இரண்டு கிண்ணம் குடித்துவிட்டுச் சட்டியை வழித்தான். "எங்க வீட்டுச் சாறைவிட நல்லாருக்கு மச்சான். கடைசியில ஒரு இனிப்பு வருது பாரு" என்றான். இதை வேண்மாளிடம் சொல்லாதே என்று சொல்லி வைத்தேன். புளி கொஞ்சம்தான் இருப்பதால் நான் ஒரு வாய்க்குமேல் குடிப்பதில்லை. எல்லாம் அவனுக்குத்தான்.

தெர்முத்தி வாசலில் நின்று சட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள். பொறாமை.

பங்குனி 6

சந்தையில் கூட்டம். பொய்சாட்சி சொன்ன ஒட்டகக்காரன் ஒருவனைச் சங்கிலி போட்டு இழுத்துப் போனார்கள். இரண்டு நாள் நடை தூரத்தில் மலைக்குள் பச்சைக்கல் சுரங்கம் இருக்கிறது, பொய்சாட்சிக்கு அதுதான் தண்டனையாம். அங்கே போனவர்கள் திரும்புவதில்லையாம். பல்லைப் பிடுங்கிய மாதிரி அழுதான். பொய் சொல்லும்போது இந்த அழுகை எங்கே போயிற்று?

பங்குனி 19

பிட்டனுக்கு வயிற்றுவலி. இரண்டு நாளாக வெளிக்குப் போகவில்லை. ஊர்த் தண்ணீர் உப்பு. சாறில் மிளகைக் கூட்டிப் போட்டேன்.

பங்குனி 25

வலி குறையவில்லை. தொப்புளைச் சுற்றி யாரோ கயிறு போட்டு முறுக்குகிற மாதிரி இருக்கிறதாம். சோறு வேண்டாம், ரொட்டி வேண்டாம், சாறு மட்டும் போதும் என்கிறான். ஒரு நாளைக்கு மூன்று வேளை வைக்கிறேன். எனக்கும் லேசாக வயிறு சரியில்லை.

தண்ணீர்தான் காரணம் என்றால் பக்கத்து வீட்டுக்காரர்கள் ஏன் கல்லுக்குண்டு மாதிரி நடமாடுகிறார்கள்? எங்கள் இருவருக்கும் மட்டும் ஏன்? எங்கள் வீட்டில் மட்டும் இருப்பது என்ன? இதை நான் எழுத வேண்டியதில்லை. அவள் இப்போது முற்றத்தில் மாவு சலித்துக்கொண்டிருக்கிறாள்.

சித்திரை 1

இன்று முதல் தெர்முத்தியைக் கண்கொத்திப் பாம்பாகப் பார்க்கிறேன். கஞ்சியை முதலில் அவளைக் குடிக்கச் சொன்னேன். குடித்தாள். குடித்துவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். நச்சுக்கு மாற்றுமருந்து வைத்திருப்பாள்.

சித்திரை 4

கையும் களவுமாகப் பிடித்தேன். நான் துறைக்குப் போய்விட்டேன் என்று நினைத்துக்கொண்டு, பிட்டனின் பக்கத்தில் உட்கார்ந்து அவன் மேலுதட்டைத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள். புருஷன் பெண்டாட்டிகூடப் பகலில் அப்படி உட்கார மாட்டார்கள். அவன் சாதுவாக வாயைத் திறந்துகொண்டு கிடக்கிறான்.

"என்ன நடக்குது இங்க?" என்றேன்.

"ஈறைப் பாக்குறா மச்சான். கறுப்பா ஒரு கோடு இருக்காம்."

நானும் பார்த்தேன். பல்லுக்கு மேலே மை தீட்டிய மாதிரி ஒரு கோடு. முசிறியில் யாருக்கும் இப்படி வந்து நான் பார்த்ததில்லை. இவ்வளவு துல்லியமாக அவளுக்கு எப்படித் தெரிந்தது? விதை போட்டவளுக்குத்தானே எங்கே காய்க்கும் என்று தெரியும்.

சித்திரை 5

ஓடு பெரியது. எழுதவேண்டியதும் பெரியது.

இன்று காலை சாறு கொதித்துக்கொண்டிருக்கும்போது தெர்முத்தி வந்து, துணியால் சட்டியைப் பிடித்து, அப்படியே மணலில் கவிழ்த்துவிட்டாள். மூன்று வேளைக்கான புளி! கையை ஓங்கிவிட்டேன். அவள் நகரவில்லை. சட்டியைக் காட்டி நிறுத்தி நிறுத்தி யவனத்தில் சொன்னாள். நான் மறக்காமல் இருக்க அப்படியே எழுதுகிறேன்.

"இது மோலிப்தோஸின் சட்டி. மோலிப்தோஸ் கொல்வான்."

"யாரை?" என்றேன்.

பிட்டன் படுத்திருந்த அறையைக் கைநீட்டிக் காட்டினாள்.

மோலிப்தோஸ்! இந்தச் சொல்லை நான் கேட்டதில்லை. ஆனால் எனக்குச் சொல் தெரியாவிட்டாலும் மொழி தெரியும். ஓஸ் என்று முடிந்தால் ஆண்பிள்ளைப் பெயர். திமோதெயோஸ், அந்த வரிசை. யவனத்தில் கொல்வான், கொல்வாள், கொல்லும் எல்லாவற்றுக்கும் ஒரே வினைதான். யார் என்பதைக் கேட்கிறவன் புரிந்துகொள்ள வேண்டும். நான் ஒரு நொடியில் புரிந்துகொண்டேன். அதற்குத்தானே எனக்குச் சோறு போடுகிறார்கள்.

யாரோ மோலிப்தோஸ் என்பவனின் சட்டி களவு போயிருக்கிறது. கிரிஸ்புஸ் அதை என் தலையில் கட்டியிருக்கிறான். அந்த மோலிப்தோஸ் இவளுக்கு வேண்டியவன். சட்டிக்குப் பழிவாங்க இவள் மூலமாக நஞ்சு வைக்கிறான்.

மோலிப்தோஸ் யார் என்று அவளிடம் கேட்கவில்லை. தெரியாத மாதிரி காட்டிக்கொண்டால் அவள் உஷாராகிவிடுவாள். அதோடு, ஒரு சொல்லுக்கு ஒரு அடிமையிடம் போய் நிற்பதா?

சித்திரை 8

கிரிஸ்புஸிடம் போய், "திருட்டுச் சட்டியா விற்றாய்?" என்று கேட்டேன். அவன் தன் தழும்புகளை ஒவ்வொன்றாகக் காட்டி, இருபத்தைந்து வருஷம் படையில் இருந்தவன் திருடுவேனா என்று கத்தினான். கத்துகிற அளவைப் பார்த்தால் திருடியிருப்பான்.

துறையில் சுமைதூக்குகிறவர்களின் பெயர்களை ஒட்டுக்கேட்டேன். மோலிப்தோஸ் என்று யாரையும் யாரும் கூப்பிடவில்லை. நேராகக் கேட்கலாம். கேட்டால் தகவல் அவன் காதுக்குப் போகும்.

சித்திரை 12

பிட்டன் இன்று சொன்னது: "மச்சான், அவ என்னமோ அண்ணன் கதை சொல்றா. கையாலயே சொன்னா. அவ அண்ணன் உலைக்களத்துல வேலை பாத்தானாம். எதையோ உருக்கி உருக்கி மொகமெல்லாம் வெளுத்து, ஈறு கறுத்து, கை தொங்கிச் செத்துட்டானாம். அந்தச் சட்டி வேண்டாங்கிறா போல."

"உனக்கு யவனம் தெரியுமா?" என்று கேட்டேன்.

"தெரியாது."

"அப்ப சும்மா இரு."

சாறு வேண்டாம் என்றால் அவள் கஞ்சியைத்தான் குடிக்க வேண்டும். அதுதானே அவளுக்கு வேண்டும். செத்துப்போன அண்ணன் கதை எல்லா ஊர்ப் பெண்களிடமும் ஒன்று இருக்கிறது.

சித்திரை 18

மிளகு மூட்டைகளோடு கோப்தோஸ் நகரத்துக்குப் போகச் சொல்லிவிட்டார்கள். பாலைவனத்தில் பன்னிரண்டு நாள் நடை, அங்கே பேச்சுவார்த்தை, திரும்பப் பன்னிரண்டு நாள். பிட்டனை அவளிடம் விட்டுவிட்டுப் போக வேண்டும். சாறு வைக்கும் முறையைப் பிட்டனுக்குச் சொல்லிக்கொடுத்தேன். தெர்முத்தியிடம், "இவனுக்கு ஏதாவது ஆனால் உன்னைச் சும்மா விடமாட்டேன்" என்று சொன்னேன். "நீ போ ஐயா" என்றாள். எவ்வளவு அவசரம் பாருங்கள்.

வைகாசி 2

கோப்தோஸ். வெயில். பிட்டன் நினைவு.

வைகாசி 22

திரும்பிவிட்டேன். செய்தி கேட்கவே பயந்துகொண்டு தெருவுக்குள் நுழைந்தேன். பிட்டன் வாசலில் உட்கார்ந்து ஆட்டுப்பால் குடித்துக்கொண்டிருந்தான்! கன்னம் உப்பியிருக்கிறது. வயிற்றுவலி இல்லை. ஈறில் கோடு மங்கிவிட்டது. என்னைக் கண்டதும் எழுந்து ஓடிவந்தான். கட்டிக்கொண்டு அழுதுவிட்டேன்.

ஏன் குணமானான் என்று யோசித்தேன். நான் போகும்போது மிரட்டியது வேலை செய்திருக்கிறது.

வைகாசி 23

ஈயச்சட்டியைக் காணோம். பிட்டனைக் கேட்டால், "நீ போன மறுநாளே காணாமப் போச்சு மச்சான், நான்தான் பால் போதும்னுட்டேன்" என்கிறான். வீடு முழுக்கத் தேடினேன். கடைசியில் அடுப்பங்கரைக்குப் பின்னால் மணல் புதிதாகக் கிளறியிருந்தது. முழங்கை ஆழத்தில் சட்டி.

மோலிப்தோஸிடம் கொடுப்பதற்காகப் புதைத்து வைத்திருக்கிறாள். வேறென்ன? மணல் போட்டு நாலு தடவை நன்றாகத் தேய்த்தேன். பளபளவென்று வந்துவிட்டது. கோப்தோஸில் நம்மூர்க் கப்பல்காரன் ஒருவனிடமிருந்து புதுப் புளி வாங்கி வந்திருந்தேன். பிட்டனுக்கு இன்று இரண்டு பங்கு சாறு. "பழைய ருசி வந்துடுச்சு" என்றான்.

அவள் அடுப்பங்கரை மூலையில் உட்கார்ந்து அழுதாள். திட்டம் கெட்டால் அழுகை வரத்தான் செய்யும்.

ஆனி 3

மறுபடியும் வலி.

ஆனி 6

நான் ஊரில் இல்லாதபோது நன்றாக இருந்தான். நான் வந்ததும் விழுந்துவிட்டான். இதற்கு என்ன பொருள்? என் கண் முன்னால் அவனைக் கொன்று என்னைப் பழிக்கு ஆளாக்கப் பார்க்கிறாள். வேண்மாளின் முகத்தை எப்படிப் பார்ப்பேன்?

ஆனி 11

இன்று நடந்ததை எழுதக் கை வரவில்லை. கப்பல்காரன் ஒரு முத்தைக் கொண்டுவந்து பிட்டனிடம் தரம் கேட்டான். பிட்டன் வாங்கினான். முத்து விரலிலிருந்து நழுவி விழுந்தது. எடுத்துக் கொடுத்தேன். மறுபடியும் விழுந்தது. அவன் மணிக்கட்டு தொங்குகிறது. தூக்கச் சொன்னால் தூக்க முடியவில்லை. தன் கையையே வேறு யாருடைய கையோ போலப் பார்த்துக்கொண்டிருந்தான். "மச்சான், என் கை..." என்றான்.

போதும். இனியும் பொறுத்தால் நான் மனுஷன் இல்லை.

ஆனி 12

துறை அதிகாரியிடம் போய்ச் சொன்னேன். தெர்முத்தி நஞ்சு வைக்கிறாள் என்றேன். மோலிப்தோஸ் பெயரைச் சொல்லவில்லை. சொன்னால் அவன் தப்பி ஓடிவிடுவான். அவனை நானே பிடிப்பேன்.

அதிகாரி நோயாளியின் வாக்குமூலம் வேண்டும் என்றார். அடிமையின் வாக்குமூலம் வேண்டாமாம், அவள் வெறும் வீட்டுச் சாமான். எழுத்தரோடு வீட்டுக்கு வந்தார். பிட்டனிடம் அவர் யவனத்தில் கேட்க, நான் தமிழில் கேட்டேன்: "உனக்குச் சோறு போடுறது யாரு? அவ மேல உனக்கு என்ன சந்தேகம்?"

பிட்டன் தலையைத் தூக்கிச் சொன்னான்: "அவ என்னைப் பெத்த தாயி மாதிரி மச்சான். அவ மேல பழி போடாத. நீ இல்லாதப்ப அவதான் என்னை எழுப்பி நடக்கவெச்சா."

அதிகாரி என்னைப் பார்த்தார். "அவள் கையால் சாப்பிட்ட பிறகுதான் இப்படி ஆயிற்று என்கிறான்" என்று சொன்னேன்.

மொழிபெயர்க்கும்போது கொஞ்சம் சுருங்கத்தான் செய்யும். நோயாளி பிதற்றுவதையெல்லாம் அப்படியே சொன்னால் அதிகாரிக்குக் குழப்பம். பிட்டன் மயக்கி வைக்கப்பட்டிருக்கிறான், அவ்வளவுதான்.

எழுத்தர் எழுதிக்கொண்டார்.

ஆனி 13

காலையில் இரண்டு காவலர்கள் வந்தார்கள். சுரங்கத்துக்கு. அவள் கதவுநிலையைப் பிடித்துக்கொண்டாள். விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்தார்கள். தெருமுனை வரைக்கும் என்னைத் திரும்பிப் பார்த்து, "மோலிப்தோஸ்! மோலிப்தோஸ்!" என்று கத்திக்கொண்டே போனாள். காவலர்களில் ஒருவன் சிரித்தான்.

கள்ளக் காதலனைத் துணைக்குக் கூப்பிடுகிறாள். எந்த மோலிப்தோஸும் வரவில்லை.

பிட்டன் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

ஆனி 20

அவள் போய் ஏழு நாள். பிட்டனுக்குக் குறையவில்லை. நஞ்சு உடம்பை விட்டு இறங்க நாளாகும். மூன்று வேளையும் சாறு நானே ஊட்டுகிறேன், அவனால் கிண்ணம் பிடிக்க முடியவில்லை.

ஆனி 27

புளி தீர்ந்துவிட்டது. பக்கத்து வீட்டில் ஆட்டுப்பால் வாங்குகிறேன்.

ஆடி 2

காற்று மாறிவிட்டது. துறையெல்லாம் ஒரே கூச்சல். நாலு நாளில் புறப்பாடு. பிட்டனுக்கு வலி விட்டிருக்கிறது, இன்று எழுந்து உட்கார்ந்தான். கை மட்டும் அப்படியே. அவள் போனதால்தான் குணம் தெரிகிறது என்று சொன்னேன். "புளி தீந்ததாலயும் இருக்கலாம்" என்றான். நோயாளிகளுக்குக் குசும்பு அதிகம்.

ஆடி 3

இதை நான் வரிசையாக எழுத வேண்டும்.

இன்று காலை சரக்கு ஏற்றினார்கள். கப்பல் எழுத்தன் ஒவ்வொன்றாக உரக்க வாசிக்க, நான் தமிழில் எழுதி ஒட்டவேண்டும். நள்ளி இங்கே இல்லாததால் உலோகமும் இந்த முறை என் தலையில். மது ஜாடி, கண்ணாடி, பவளம் எல்லாம் முடிந்தது. பிறகு எழுத்தன் வாசித்தான்: "மோலிப்தோஸ்."

என் காதை நானே நம்பவில்லை. "யார்?" என்றேன்.

"மோலிப்தோஸ்" என்றான், பட்டியலிலிருந்து தலையைத் தூக்காமல்.

அவன் எங்கள் கப்பலிலேயே வரப்பார்க்கிறான்! "எங்கே இருக்கிறான்?" என்று கேட்டேன். எழுத்தன் கட்டைவிரலால் கப்பலின் வயிற்றைக் காட்டினான். "அடியில. நேத்தே ஏத்தியாச்சு."

கயிறு அறுக்கிற கத்தியை எடுத்துக்கொண்டேன். ஏணியில் இறங்கும்போது ஒன்றும் யோசிக்கவில்லை. பிட்டனின் தொங்கிய கையை மட்டும் நினைத்துக்கொண்டேன். கீழே ஒரு சுமைதூக்கி நின்றிருந்தான். "எங்கே அவன்? மோலிப்தோஸ் எங்கே?" என்று கத்தினேன். அவன் என் கத்தியைப் பார்த்தான், என் முகத்தைப் பார்த்தான், பிறகு சுவரோரம் ஒதுங்கி வழிவிட்டான்.

அங்கே ஆள் இல்லை. சாம்பல் நிறத்தில் கட்டி கட்டியாக அடுக்கியிருந்தது.

"இது ஈயம்" என்றேன் தமிழில், எனக்கே.

எழுத்தன் மேலிருந்து எட்டிப் பார்த்து, "என்னய்யா, கத்தியெல்லாம் எதுக்கு? இடதுபக்கம் இருக்கிறது மோலிப்தோஸ், வலதுபக்கம் காசித்தெரோஸ். ரெண்டும் வேற வேற. கலந்துடாத" என்றான். வலதுபக்கம் வெள்ளையாக மின்னியது. அதுவும் ஈயம்தான். எங்கள் வீட்டுச் சட்டியின் ஈயம். வெள்ளீயமோ காரீயமோ, நாங்கள் வாயில் இரண்டையும் ஈயம் என்றுதான் சொல்கிறோம். உரோமனும் இரண்டையும் ப்ளும்பும் என்கிறான். யவனர்கள்தான் பிரித்து வைத்திருக்கிறார்கள்.

எழுத்தன் இறங்கி வந்து எனக்குச் சொல்லிக்கொடுத்தான். ஒரு சின்னத் துண்டு வெள்ளையை வளைத்தான், கிறீச்சென்றது. சாம்பல் கட்டியின் முனையால் ஒரு ஓட்டில் கீறினான், கறுப்பாகக் கோடு விழுந்தது. "இதுல சமைக்காத, புளிப்புப் பட்டா ஆளையே தின்னுடும். உருக்குறவங்களுக்குக் கை தொங்கிப்போகும்" என்று சொல்லிச் சிரித்தான்.

கத்தியை அங்கேயே போட்டுவிட்டு ஏணியேறினேன்.

வீட்டுக்கு வந்து சட்டியை எடுத்துச் சுவரில் ஒரு இழுப்பு இழுத்தேன். கறுப்புக் கோடு. பிட்டனின் ஈறில் இருந்த அதே கோடு.

அவள் மோலிப்தோஸின் சட்டி என்று சொல்லவில்லை. காரீயச் சட்டி என்று சொன்னாள். மோலிப்தோஸ் கொல்வான் என்று சொல்லவில்லை. காரீயம் கொல்லும் என்று சொன்னாள். கொல்வான் என்று போட்டவன் நான். அவளுடைய வாக்கியத்தில் ஆளே இல்லை. ஒரு ஆளைக் கொண்டுவந்து நிறுத்தியது என் தமிழ்.

ஒருமுறை, ஒரே ஒருமுறை, "மோலிப்தோஸ் என்றால் என்ன?" என்று கேட்டிருக்கலாம்.

ஆடி 4

துறை அதிகாரியிடம் போனேன். தெர்முத்தியைத் திரும்ப அழைக்க வேண்டும், நான் நினைத்தது தவறு என்றேன்.

"நீ நினைச்சது எனக்கு எதுக்கு? நோயாளி சொன்னதை வெச்சுத்தான் அனுப்பினேன். அவன் சொன்னது அப்படியே இருக்கு" என்று எழுத்தரின் சுருளைத் தட்டினார். "அவன் வேற மாதிரி சொன்னானா?"

நான் சுருளைப் பார்த்தேன்.

"அவன் வேற மாதிரி சொல்லியிருந்தா, நீ பொய்யா மொழிபெயர்த்தேன்னு ஆகும். நாளைக்கு வந்து ரெண்டுல ஒண்ணு சொல்லு. ஒண்ணும் சொல்லலேன்னா கப்பல்ல ஏறிக்க. யாரும் உன்னைத் தேட மாட்டாங்க" என்றார். நல்ல மனிதர்போலத்தான் சொன்னார்.

அவள் உயிரோடு இருக்கிறாளா என்று கேட்டேன். போன வாரம்வரை இருந்தாளாம். கல் சுமக்கிறாளாம்.

ஒட்டகக்காரன் அழுத அழுகை ஞாபகம் வந்தது. அன்று நான் கேட்ட கேள்வியும் ஞாபகம் வந்தது.

பயமாக இருக்கிறது. அதை இங்கே மறைத்து என்ன ஆகப்போகிறது?

ஆடி 5, காலை

பிட்டனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவான் என்று நினைத்தேன். வெகுநேரம் தொங்குகிற கையை மடியில் வைத்துத் தடவிக்கொண்டிருந்தான்.

"சாறு நல்லாத்தான் இருந்துச்சு மச்சான்" என்றான். பிறகு அழுதான். நானும் அழுதேன்.

"நீ போனா திரும்பி வருவியா?"

"தெரியல மாப்ளே."

"வேண்மா கேட்டா என்ன சொல்ல?"

ஓடுகளையெல்லாம் ஒரு கூடையில் அடுக்கி அவன் பக்கத்தில் வைத்தேன். வேண்மாளுக்கு வாசிக்கத் தெரியும். ஈயத்தில் வை என்று அவள் சொன்ன மாசி மாத ஓட்டை மட்டும் உடைத்துவிடலாமா என்று கையில் எடுத்தேன். அவள் அதை வாசித்தால் வாழ்நாள் முழுக்கத் தன்னையே நொந்துகொள்வாள். ஆனால் ஒரு வரியைச் சுருக்கியதால்தான் ஒருத்தி சுரங்கத்தில் கிடக்கிறாள். திரும்பக் கூடையிலேயே வைத்தேன். வேண்மா, நீ சொன்ன ஈயம் வேறு, நான் வாங்கிய ஈயம் வேறு. உன்மேல் ஒரு குற்றமும் இல்லை. உன் புருஷனைக் கூட்டிக்கொண்டு போனபடியே கூட்டிவர முடியவில்லை. கையைத் தவிர மற்றதெல்லாம் அனுப்பியிருக்கிறேன்.

மாலுமிகள் வந்து அவனைத் தூக்கிக்கொண்டு போகிறார்கள்.

ஆடி 5

இது கடைசி ஓடு. மைக்கூடு பிட்டனோடு கப்பலுக்குப் போய்விட்டது. சட்டியின் விளிம்பால் எழுதுகிறேன், கறுப்பாக நன்றாகவே எழுதுகிறது. இத்தனை நாள் என் அடுப்பில் ஒரு எழுத்தாணி இருந்திருக்கிறது.

போகிற வழியில் இதை மாலுமியிடம் கொடுத்துவிடுவேன். சட்டியை நான் எடுத்துக்கொண்டு போகிறேன், அதிகாரியின் மேசைமேல் வைக்க. அங்கே சொல்ல வேண்டியதை இங்கே ஒருமுறை எழுதிப் பார்க்கிறேன், வாய் குழறாமல் இருக்க.

பிட்டன் சொன்னது: அவள் என்னைப் பெற்ற தாய் மாதிரி. அவள்மேல் பழி போடாதே. நீ இல்லாதபோது அவள்தான் என்னை எழுப்பி நடக்கவைத்தாள்.

தெர்முத்தி சொன்னது: இது காரீயச் சட்டி. காரீயம் கொல்லும்.

மொழிபெயர்த்தவன், முசிறி வெளியன்.